வெள்ளைப் புத்தகம்

1662. லண்டன். இங்கிலாந்துக் கடற்படை அலுவலகத்தின் முக்கிய அதிகாரி ஒருவர் விடியற்காலையில் எழுந்து பெருக்கல் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தார். வயது இருபத்தொன்பது.

சிரிக்காதீர்கள். சாமுவேல் பெப்பிஸ் (பீப்ஸ் என்று உச்சரிக்க வேண்டும், நமக்கெதற்கு வம்பு) கேம்பிரிட்ஜில் படித்தவர். லத்தீன் தெரியும். கணக்குதான் தகராறு. இரண்டு வருடம் முன்பு செல்வாக்கான சொந்தக்காரர் தயவில் கிடைத்த வேலை. மரம், கயிறு, தார் எல்லாம் வாங்குகிற ஆபீஸ். அளக்கத் தெரியாதவன் அங்கே உட்கார்ந்தால் வியாபாரி சொன்னதுதான் அளவு, சொன்னதுதான் விலை. ஆகவே 'ராயல் சார்லஸ்' கப்பலில் வேலை பார்த்த கூப்பரைப் பிடித்து வாய்ப்பாட்டில் ஆரம்பித்தார். மரம் அளக்கவும் கற்றுக்கொண்டார்.

கற்றதும் ஊழல் கண்ணில் பட ஆரம்பித்தது. 1664ல் தனக்கென்று ஒரு நோட்டுப் போட்டார். 'கடற்படை வெள்ளைப் புத்தகம்' என்று இன்று அதற்குப் பெயர். எந்த ஒப்பந்தத்தில் என்ன கோளாறு, எந்த சகா எந்த வியாபாரிக்காகப் பேசினார், தான் எங்கே ஆட்சேபித்தோம், எல்லாம் அதில். ஆபீஸ் ரிஜிஸ்தரில் எல்லார் கையெழுத்தும் ஒன்றாக இருக்கும். யார் வேண்டாம் என்றார், யார் வற்புறுத்தினார் என்பது அதில் ஏறுமா? வவுச்சர் இல்லாத செலவு மாதிரிதான். பின்னால் யார் கேட்டாலும் முழிக்க வேண்டியதுதான்.

கேட்டார்கள். 1667 ஜூனில் டச்சுக்காரர்கள் மெட்வே நதிக்குள்ளேயே புகுந்து கப்பல்களைக் கொளுத்தினார்கள். அதே ராயல் சார்லஸை இழுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். மானம் போன தேசத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. சாத்தம் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்ட கமிஷனர் பீட்டர் பெட்டைக் கோபுரச் சிறையில் போட்டார்கள். மாலுமிகளுக்குச் சம்பளத்துக்குப் பதில் சீட்டு எழுதிக் கொடுத்த விவகாரம் கடற்படை அலுவலகத்தின் தலையில் விடிந்தது.

1668 மார்ச் 5. நாடாளுமன்றம். கொஞ்சம் ஒயின், கொஞ்சம் பிராந்தி ஏற்றிக்கொண்டுதான் உள்ளே போனார் பெப்பிஸ். பகலில் ஆரம்பித்து மூன்று மணி தாண்டியும் பேசினார். சபை அசந்துபோனது. மறுநாள் மன்னரே பாராட்டினார். யுத்தக் கணக்கை ஆராய்ந்த கமிஷன் விடவில்லை. 1670ல் அதற்கும் மன்னர் முன்னிலையில் குற்றச்சாட்டு வாரியாகப் பதில் சொல்லித் தப்பினார்.

உத்தமரா? அதுதான் இல்லை. 1663ல் ஒரு கேப்டன் கடித உறைக்குள் தங்கக் காசு வைத்துக் கொடுத்தார். பெப்பிஸ் உள்ளே பார்க்காமலே காசைக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் காகிதத்தைப் பார்த்தார். 'காகிதத்தில் பணம் பார்த்தாயா?' என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லலாம் அல்லவா!

இந்தத் தில்லாலங்கடியையும் எழுதி வைத்தார், வேறொரு நோட்டில். அது அவருடைய சொந்த டைரி, பெரும்பாலும் சுருக்கெழுத்து. அதை 1819ல் ஜான் ஸ்மித் என்கிற மாணவர் பிரிக்க ஆரம்பித்து, முடிக்க மூன்று வருடம் ஆனது. அந்தச் சுருக்கெழுத்துக்கான பாடப்புத்தகம் பெப்பிஸின் அதே நூலகத்தில்தான் இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.