ஒரகடத்துச் சுவர்

ஒரகடம் சிப்காட்டில், கார்கள் வந்து மோதி நொறுங்குவதற்கென்றே அரசுப் பணத்தில் எழும்பிய ஒரு சுவர் இருக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ.

விதை விழுந்தது 2005இல். வாகனச் சோதனைக்கும் ஆராய்ச்சிக்குமான நேட்ரிப் திட்டத்துக்கு மத்திய அரசு 1,718 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மானேசர், இந்தூர், சில்சர் என்று மையங்கள் பிரிந்தபோது தெற்கின் பங்குக்கு வந்தது ஒரகடம்.

சுவர் எழும்புவதற்குள் ஊர் வளர்ந்துவிட்டது. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர் இங்கே ஆலை திறந்தன. திட்டம் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. 2016இல் அதன் மதிப்பு 3,727 கோடியாகத் திருத்தப்பட்டது. இடையில் 2014இல், கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் குளோபல் என்கேப் அமைப்பு மோதவிட்ட ஐந்து இந்தியக் கார்களின் அடிப்படை மாடல்களுக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அரசு நிதியின் பலனைக் கணக்கிடும்போது இந்தத் தாமதத்தையும் செலவாகவே எழுத வேண்டும் என்பேன்.

சரி, வரவு என்ன? முன்பக்க மோதல் சோதனையில், தேன்கூடு போன்ற அலுமினியத் தடுப்பில் காரின் அகலத்தில் 40 சதவீதம் மட்டும் மோதும். கட்டாய விதியில் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். 2023 அக்டோபரில் வந்த, நம் நாட்டின் நட்சத்திர மதிப்பீடான பாரத் என்கேப்பில் 64. உள்ளே இருக்கும் மனித வடிவ டம்மியின் நெஞ்சு எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது என்பதை சென்சார் சொல்லிவிடும். இந்த ஆய்வின் விளைச்சல் அந்த எண்தான். ஆய்வுக்கட்டுரைகளை எண்ணி நாட்டின் அறிவியலை அளப்பவர்களின் பட்டியலில் அது ஏறாது.

ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவதே நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதனால் எனக்கு வேறு கணக்கு வேண்டும். மோதலுக்குப் பிறகு எந்த வெல்டிங் மாறியது? அந்தப் பாடம் ஸ்ரீபெரும்புதூரின் சின்ன பிரஸ் ஷாப் வரை போனதா? பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவி அந்தத் தரவைத் தொட்டுப் பார்க்க முடிகிறதா? திருத்திய அதே மாடல் மறுபடி அந்தச் சுவரில் மோதும்போது, டம்மியின் நெஞ்சில் எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது?