பதினொரு குளங்கள் கட்டிய பணம்



தோட்டத்தில் கோயில் திருவிழா நெருங்கினால் முதலில் கூட்டம் கூடும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி குறிப்பார்கள். சம்பள நாளன்று வீடு வீடாகச் சென்று பணம் பிரிப்பார்கள். யார் கொடுத்தார், யார் அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆகவே, ஒரு பொதுக் காரியத்துக்குப் பணம் எப்படிச் சேருகிறது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால், பெரியதொரு பூங்காவையும் அதனுள் ஆயிரக்கணக்கானோர் குளிக்கக்கூடிய நீச்சல் குளத்தையும் கட்ட வேண்டுமானால், வீட்டு வரி பிரித்து முடிகிற காரியமா அது? அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கட்டி முடித்தபின் அதில் யார் இறங்கலாம்? பத்தாண்டு, இருபதாண்டு கழித்து அதைப் பழுதுபார்ப்பது யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் நியூயார்க் நகரத்தின் வரலாற்றில் விடை இருக்கிறது. 1936ஆம் ஆண்டில் அந்த நகரம் ஒரே கோடைக்காலத்தில் 11 பெரிய நீச்சல் குளங்களைத் திறந்தது. நகரத்தின் கருவூலமோ அப்போது ஏறக்குறையக் காலியாக இருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் குளங்கள் இல்லாத காலத்தைப் பார்ப்போம். நியூயார்க்கின் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். ஓர் அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடக்கும். லயத்து வீடுகளில் வளர்ந்த பெரியவர்களுக்கு அந்த நெருக்கம் எப்படிப்பட்டது என்று விளங்கும். பல வீடுகளில் குளியலறையே இல்லை. 1870ஆம் ஆண்டில் நகர நிர்வாகம் ஆற்றங்கரையில் மிதக்கும் குளிப்பிடங்களை அமைத்தது. மரச்சட்டங்களால் தொட்டிபோல் கட்டி, ஆற்று நீரே உள்ளே வந்து போகும்படி விட்டார்கள். காலப்போக்கில் நகரத்தின் கழிவுநீர் முழுவதும் அந்த ஆறுகளில்தான் கலந்தது. குளிக்கப்போன இடமே நோய் தரும் இடமாயிற்று. ஆனாலும், கோடை வெயில் தாங்காத சிறுவர்கள் துறைமுகப் படிகளிலிருந்து ஆற்றில் குதித்தார்கள். சிலர் மூழ்கி மாண்டார்கள். பணம் படைத்தவர்களுக்குக் கடற்கரை இருந்தது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு அழுக்கு ஆறுதான் மிச்சம்.

இந்த நிலையில் 1929ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வங்கிகள் மூடின, தொழிற்சாலைகள் நின்றன. 1933ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை.

நேயர்களே, அந்த வீழ்ச்சி அமெரிக்காவோடு நிற்கவில்லை. மலாயா ரப்பரை அதிகமாக வாங்கியது அமெரிக்காதான். அங்கே மோட்டார் கார் விற்பனை படுத்தபோது டயருக்கு ரப்பர் வாங்குவதும் குறைந்தது. ரப்பர் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, 1932இல் அடிமட்டத்துக்கு வந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன, கூலியை வெட்டின. 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம் பாட்டன் பாட்டிமார்களில் சிலர் அப்படிப் போனவர்கள். சிலர் விலை ஏறியபின் மீண்டும் வந்தவர்கள். வேலை இல்லாதவனை ஊருக்கு அனுப்பிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று இங்கே நிர்வாகம் எண்ணியது. அதே நெருக்கடியில் நியூயார்க்கில் வேறொரு வழி கண்டார்கள். அதனால்தான் இந்தக் கதை நமக்கும் உரியதாகிறது.

1933ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பதவி ஏற்றார். வேலையற்றோருக்கு வெறும் உதவித்தொகை கொடுப்பதைவிட, வேலையைக் கொடுத்துக் கூலி தருவதே மேல் என்பது அவர் அரசின் எண்ணம். 1935ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் நிவாரணப் பணிகளுக்காக ஏறத்தாழ 488 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்தைக் கொண்டு பணி முன்னேற்ற நிர்வாகம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 1943ஆம் ஆண்டில் மூடப்படும்வரை அது 80 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தது.

இந்த அமைப்பு பணம் கொடுத்த முறையை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். பணத்தின் பெரும்பகுதி கூலியாகவே போக வேண்டும். விலை உயர்ந்த பொருள்களை வாங்கி அதில் பணத்தை முடக்கக் கூடாது. நிவாரணப் பட்டியலில் இருக்கும் வேலையற்றவர்களையே பெரும்பாலும் அமர்த்த வேண்டும். வேலையைத் தேர்ந்தெடுத்து, வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டியது அந்தந்த ஊர் நிர்வாகத்தின் பொறுப்பு. சுருங்கச் சொன்னால், மேலிடத்தில் பணம் இருந்தது. ஆனால் திட்டத்தோடு போய் நின்றவர்களுக்குத்தான் அது கிடைத்தது.

நியூயார்க் நகரம் திட்டத்தோடு போய் நின்றது. 1934ஆம் ஆண்டு தொடக்கத்தில் பியொரெல்லோ லா கார்டியா அந்நகரத்தின் மேயரானார். அதுவரை நகரத்தின் ஐந்து பகுதிகளுக்கும் தனித்தனியாக இருந்த பூங்கா நிர்வாகத்தை ஒன்றாக்கி, ராபர்ட் மோசஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். மோசஸ், வேலை இழந்து நின்ற கட்டடக் கலைஞர்களையும் பொறியாளர்களையும் நூற்றுக்கணக்கில் அமர்த்தினார். அவர்கள் இரவு பகலாக வரைபடங்கள் தீட்டினார்கள். மத்திய அரசு பணத்தை அறிவித்தபோது மற்ற நகரங்கள் என்ன கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தன. நியூயார்க்கின் திட்டங்களோ மேசைமேல் தயாராக இருந்தன. ஆகவே, அந்தப் பணத்தில் பெரும் பங்கு அந்நகரத்துக்கே வந்தது.

குளங்களின் அமைப்பிலும் இந்தப் பணமுறையின் முத்திரை பதிந்திருந்தது. சலவைக்கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டே குளியல் மண்டபங்களை எழுப்பினார்கள். அவை மலிவானவை, பல கைகளுக்கு வேலை தருபவை. நீரைச் சிக்கனம் பாராமல் வடிகட்டிச் சுத்தம் செய்ய இயந்திரங்கள் வைத்தார்கள். நீந்துவதற்கு ஒரு குளம், உயரத்திலிருந்து குதிப்பதற்கு ஒரு குளம், சிறு பிள்ளைகள் கால் நனைத்து விளையாட ஆழமில்லாத ஒரு குளம் எனப் பிரித்தார்கள். குளிர்காலத்தில் குளியல் மண்டபம் உடற்பயிற்சிக் கூடமாக மாறும். ஆண்டில் மூன்று மாதம் மட்டுமே பயன்படும் கட்டடத்துக்குப் பொதுப் பணம் கேட்க முடியாது என்பதை உணர்ந்தே அப்படி அமைத்தார்கள். ஒவ்வொரு குளத்துக்கும் சுமார் 10 இலட்சம் டாலர் செலவாயிற்று.

1936ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், ஏழை மக்கள் நிறைந்த கீழ்க்கிழக்குப் பகுதியிலுள்ள ஹாமில்டன் ஃபிஷ் பூங்காவில் முதல் குளம் திறக்கப்பட்டது. ஜூலை 2ஆம் நாள் அஸ்டோரியா பூங்காக் குளம் திறக்கப்பட்டது. 330 அடி நீளமுள்ள அந்தக் குளத்தில்தான் அவ்வாண்டு ஒலிம்பிக் போட்டிக்கு அமெரிக்க நீச்சல் வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலை 31ஆம் நாள் புரூக்ளின் பகுதியில் மெக்காரன் பூங்காக் குளம் திறந்தது. ஒரே நேரத்தில் 6,800 பேர் அதைப் பயன்படுத்தலாம். ஆகஸ்டு மாதத்துக்குள் பதினொன்றும் திறந்தாயிற்று.

அந்தக் கோடையின் வெப்பமோ சொல்லத் தரமன்று. ஜூலை 9ஆம் நாள் நியூயார்க்கில் வெப்பம் 41 பாகை செல்சியசைத் தொட்டது. நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் 1998ஆம் ஆண்டில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் காணப்பட்ட 40.1 பாகைதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நகரத்துப் பிள்ளைகளுக்குக் குளம் என்ன பொருள் தந்திருக்கும் என்பது விளங்கும். வாரநாள் காலை வேளைகளில் சிறுவர்களுக்குக் கட்டணம் இல்லை. மற்ற நேரங்களில் சிறுவர்களுக்கு 10 சென்ட், பெரியவர்களுக்கு 20 சென்ட் வாங்கினார்கள்.

இதுவரை சொன்னது முதல் கேள்விக்கு விடை. நாடு முழுவதும் சேர்ந்த பணம், வேலையற்றவரின் கைக்குக் கூலியாகப் போய், அந்தக் கையாலேயே குளமாக எழுந்தது. ஒரே பணம் இரண்டு முறை பயன்பட்டது.

இனி, இரண்டாவது கேள்வி. யார் இறங்கலாம்? கறுப்பர்கள் வரக்கூடாது என்று எந்தக் குளத்தின் வாசலிலும் பலகை தொங்கவில்லை. எல்லாருக்கும் பொது என்பதே சட்டம். ஆனால் நடைமுறை வேறாக இருந்தது. கிழக்கு ஹார்லத்திலுள்ள தாமஸ் ஜெஃபர்சன் பூங்காக் குளத்தின் பக்கம் கறுப்பினப் பிள்ளைகளும் போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளும் வந்தால், அக்கம்பக்கத்து வெள்ளை இளைஞர்கள் மிரட்டி விரட்டினார்கள். ஹார்லத்தில் கறுப்பர்கள் வாழும் பகுதிக்கென்று கலோனியல் பூங்காக் குளம் ஆகஸ்டு 8ஆம் நாள் திறக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டில் அந்தப் பூங்காவுக்கு, புகழ்பெற்ற கறுப்பினப் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் பெயரைச் சூட்டினார்கள். எல்லா நிறத்தாரும் சேர்ந்து குளித்த குளங்களும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். வரி எல்லாரும் கட்டுகிறோம்; ஆனால் படியில் நிற்பவன் முறைத்தால் அந்தக் குளம் பொதுக் குளமாகாது. ஊர்ப் பொதுக்கிணறு என்று பெயர் இருந்தும் எல்லாரும் இறைக்க முடியாதிருந்த ஊர்களிலிருந்து வந்த மக்கள் நாம். இதை நமக்கு விளக்கத் தேவையில்லை.

ராபர்ட் மோசஸும் குறையில்லாதவர் அல்லர். எந்தத் தேர்தலிலும் வென்று பதவிக்கு வந்தவர் அல்லர் அவர். பிற்காலத்தில் நெடுஞ்சாலைகளுக்காக ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்களின் வீடுகளை இடிக்கச் செய்தார். குளம் கட்டியவரும் அவரே. வீடு இடித்தவரும் அவரே. வரலாறு படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வி பராமரிப்பு. கும்பாபிஷேகத்தை நாலு ஊர் மெச்ச நடத்திவிடலாம். அதற்கு நன்கொடை தர ஆள் வரும்; பெயர் பொறித்த கல்லும் வைப்பார்கள். ஆனால் தினமும் விளக்கெரிக்கும் எண்ணெய்க்கு நன்கொடை கேட்டுப் பாருங்கள். கூட்டம் மெல்லக் கலைந்துவிடும். நியூயார்க் குளங்களுக்கும் இதுதான் நேர்ந்தது. கட்டுவதற்கு மத்திய அரசு பணம் தந்தது. ஆண்டுதோறும் நீர் மாற்றவும் குழாய் பழுதுபார்க்கவும் உயிர்காப்பாளருக்குச் சம்பளம் தரவும் நகரமே செலவு செய்ய வேண்டியிருந்தது. 1975ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் கடன் கட்ட முடியாமல் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது. ஆட்களைக் குறைத்தார்கள். பழுதுகளை அப்படியே விட்டார்கள்.

6,800 பேர் குளித்த மெக்காரன் குளம் 1984ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பழுதுபார்த்துத் திறக்கும் திட்டம் வந்தபோது அக்கம்பக்கத்தாரே இரு பிரிவாக நின்றார்கள். திறந்தால் வெளியார் வருவார்கள் என்று தடுத்தவர்களும் இருந்தார்கள். அந்தக் குளம் 28 ஆண்டுகள் தண்ணீரின்றிக் கிடந்தது. ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து, தானும் ஒரு குழந்தைக்குத் தாயாகும் காலம் அது. 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது மீண்டும் திறக்கப்பட்டபோது ஆன செலவு சுமார் 5 கோடி டாலர். 1936இன் டாலருக்கும் 2012இன் டாலருக்கும் மதிப்பு வேறுதான். அப்படியிருந்தும், காலத்தில் செய்யாத பழுதுவேலை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி.

நேயர்களே, தோட்டத்தில் இருப்பவர்களானாலும், தோட்டத்தை விட்டு நகரோரக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டவர்களானாலும், நமக்கும் திடலும் மண்டபமும் குளமும் வேண்டும். தேர்தல் காலத்தில் அவற்றைத் தருவதாக வாக்குறுதிகளும் வரும். அப்போது கைதட்டுவதோடு நின்றுவிடாமல் மூன்று கேள்விகளைக் கேட்போம். கட்டும் பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது? நம் பிள்ளைகள் எந்தத் தடையுமின்றி அதில் இறங்க முடியுமா? அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பராமரிக்கும் பணத்தை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்? அத்தோடு, நியூயார்க் கற்பித்த மற்றொன்றையும் மறக்க வேண்டாம். நம் இடத்துக்கு என்ன வேண்டும் என்பதை நாமே கூடிப் பேசி, தாளில் எழுதித் தயாராக வைத்திருப்போம். நிதி ஒதுக்கும் நாளில் வெறுங்கையோடு போய் நின்றால், பணம் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வேலை. உங்கள் இடத்திலுள்ள விளையாட்டுத் திடலில் புல் வெட்டுவது யார், அதற்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று விசாரித்து எழுதுங்கள். அந்த ஒரு பக்கம் எழுதி முடிக்கும்போது, பொதுப் பணம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.