விரியலாக்கியிற் பொட்டொலி

ஒலிச் சைகையை வலுப்படுத்தும் விரியலாக்கிக்கு மின்னூட்டியவுடன் ஒலிபெருக்கியிற் 'பொட்'டென எழும் ஓசை, அக்கருவியுடன் பிறந்த குறையன்று. முன்னேற்றத்தோடு வந்து சேர்ந்ததாகும். 1906 இல் டி பாரெஸ்ட் தோற்றுவித்த 'ஓடியன்' குழாயின் வழிவந்த விரியலாக்கிகளில் இது பெரிதுந் தோன்றவில்லை. குழாயின் எதிர்மின்வாய் சூடேறிய பின்னரே இலத்திரன்கள் புறப்படும். ஆதலின் மின்னோட்டம் மெல்ல மெல்லவே வளரும். அன்றியும், இடைநின்ற நிலைமாற்றி மாறும் ஓட்டத்தையன்றி நேரோட்டத்தை ஒலிபெருக்கிக்குச் செல்ல விடாது. காத்திருக்க வைத்துச் சலிப்பூட்டிய அக்குழாய் ஆற்றிய காவல், அது நீங்கிய பின்னரே புலனாயிற்று எனலாம்.

1947 டிசெம்பரிற் பெல் ஆய்வுகூடத்திற் பாடீனும் பிராட்டேனும் இயக்கிக் காட்டிய திரான்சிற்றர், சூடேறக் காத்திராது. 1956 இல் எச். சி. லின் வெளியிட்ட சுற்று, நிலைமாற்றியின்றியே ஒலிபெருக்கியை இயக்க வழிகாட்டியது. அவ்வழிச் சென்ற பல கருவிகளில் நிலைமாற்றியின் இடத்திற் பெரிய கொள்ளளவி அமர்ந்தது. வழங்கல் 24 உவோற்றாயின், கொள்ளளவி 12 உவோற்று வரை மின்னேற்றம் பெறவேண்டும். அதற்குரிய ஓட்டம் முழுவதும் ஒலிபெருக்கிச் சுருளினூடே பாயுங்கால், கூம்பு திடீரென உந்தப்படும், பொட்டொலி அதுவே.

நேர், எதிர் என இரு வழங்கல்களை அமைத்துக் கொள்ளளவியை நீக்கியோர்க்கும் இந்நோய் முற்றாகத் தீரவில்லை. சுற்று நிலைபெறுமுன் வெளியீடு தடுமாறும். திரான்சிற்றர் பழுதுற்றாலோ ஒலிபெருக்கியே எரிந்துபோம். ஓசையினும் இது கொடிதன்றோ! எனவே, சில விநாடிகள் தாமதித்து ஒலிபெருக்கியை இணைக்கும் மின்காந்த ஆளி புகுந்தது. குழாய் இயல்பாகவே செய்த தாமதத்திற்குத் தனிக்கருவியொன்று வேண்டியதாயிற்று. பின்வந்த ஒருங்கிணைந்த சுற்றுக்கள் பலவற்றில், தொடக்கத்திலும் முடிவிலும் ஒலியை அடக்கும் அமைப்பு அச்சிறு சில்லினுள்ளேயே இடம்பெற்றது.