சென்னை விமான நிலையத்தில் குறைந்த காட்சித் தொலைவுப் புறப்பாடுகள்

ஓடுபாதையில் விமானியின் கண்ணுக்குத் தெரியும் தொலைவு 400 மீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது விமானம் மேலெழும்புவது குறைந்த காட்சித் தொலைவுப் புறப்பாடு எனப்படுகிறது. தில்லி போன்ற வடஇந்திய விமான நிலையங்களில் இது குளிர்கால வழக்கம். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இச்சிக்கல் பெரும்பாலும் மார்கழி, தை மாத விடியற்காலைகளில், குறிப்பாகப் போகிப் பண்டிகையன்று எழுகிறது. திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியின் வான்வழிச் சரக்குகளுக்கு இந்நிலையமே வாயிலாக இருப்பதால், இதன் பாதிப்பு பயணிகளோடு நின்றுவிடுவதில்லை.

கண்ணை நம்பிய காலம்

1932 அக்டோபரில் டாட்டா நிறுவனத்தின் முதல் அஞ்சல் விமானத்தை ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டினார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். வானொலித் தொடர்பு இல்லாத அக்காலத்தில் விமானிகள் தரையைப் பார்த்தே வழியறிந்தனர். பார்வை மறைந்தால் காத்திருப்பதே வழி.

பின்னர் தெரியும் தொலைவை அளக்கும் முறைகள் வந்தன. தொடக்கத்தில் பணியாளர் ஒருவர் ஓடுபாதை ஓரம் நின்று, எத்தனை விளக்குகள் தெரிகின்றன என்று எண்ணிச் சொன்னார். அடுத்து வந்த ஒளிக்கடத்துமானி, ஒளிக்கற்றை காற்றினூடே செல்லும்போது எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு இத்தொலைவைக் கணிக்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகம் 'திருஷ்டி' என்ற பெயரில் இக்கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கியது.

புறப்பாட்டின் தனிச்சிக்கல்

பனிமூட்டத்தில் தரையிறங்குவதே கடினம், புறப்படுவது எளிது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதி உண்மையே. 1965 சூன் 10 அன்று இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் டிரைடென்ட் விமானம் ஒன்று பயணிகளுடன் தானியங்கி முறையில் தரைதொட்டது. பிற்காலத்தில் மிகக் குறைந்த காட்சித் தொலைவிலும் இறங்க இம்முறை வழி செய்தது. ஆனால் பயணிகள் விமானப் போக்குவரத்தில் புறப்பாடு இன்றும் விமானியின் கண்ணையும் கையையும் நம்பியே நடக்கிறது. ஓடும்போது மையக்கோட்டை விட்டு விலகாமலிருக்கவும், இயந்திரம் பழுதானால் ஓடுபாதைக்குள்ளேயே நேராக நிறுத்தவும் அவருக்கு முன்னே விளக்குகள் தெரிய வேண்டும். செறிந்த ஓர விளக்குகள், நெருக்கமான மையக்கோட்டு விளக்குகள், ஒப்புதல் பெற்ற நிறுவனம், பயிற்சி பெற்ற விமானிகள் ஆகிய எல்லாம் அமைந்த இடத்தில் 125 மீட்டர் வரை புறப்பாடு அனுமதிக்கப்படுகிறது.

முதல் வகைக் கருவித் தரையிறக்கத்துக்குப் பொதுவாக 550 மீட்டர் தேவை. ஆகவே ஒரே பனியில் ஒரு விமானம் புறப்படலாம். ஆனால் பழுது ஏற்பட்டால் அதே நிலையத்துக்குத் திரும்ப முடியாது. இதனால்தான் இத்தகைய நேரங்களில் புறப்படும் முன்பே மாற்று நிலையம் ஒன்றைக் குறிக்க வேண்டும். இரட்டை இயந்திர விமானமானால், ஓர் இயந்திரத்துடன் பொதுவாக ஒரு மணி நேரத்தில் அடையும் தொலைவில் அது இருக்க வேண்டும்.

விபத்துகள் தந்த விதிகள்

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளின் டெனெரீஃபில் பனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். கே.எல்.எம். விமானம் அனுமதி பெறாமலேயே புறப்பாட்டு ஓட்டத்தைத் தொடங்கியிருந்தது; அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது பனியில் தெரியவில்லை. அதன் பின், புறப்பாட்டைக் குறிக்கும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அனுமதி வழங்கும்போதும் அதை நீக்கும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற முறை நிலைபெற்றது. 2001 அக்டோபர் 8 அன்று மிலான் லினாட்டேயில் புறப்பட ஓடிய விமானம், பனியில் வழிதவறி ஓடுபாதைக்குள் வந்த சிறு விமானத்தின்மீது மோதியதில் 118 பேர் உயிரிழந்தனர். அங்குத் தரை ராடார் அப்போது இயங்கவில்லை. விமானியின் பார்வை மட்டுமின்றி, ஓடுபாதை காலியாக உள்ளதா எனக் கட்டுப்பாட்டாளர் அறிவதும் இன்றியமையாதது என்பதை இவ்விரண்டு விபத்துகளும் காட்டின.

போகிப் புகை

சனவரி இரவுகளில் தரை விரைவாகக் குளிர்கிறது, காற்றும் அடங்கிவிடுகிறது. மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்காற்றுமாக அடுக்கு அமைவதால், எழும் புகை கலைந்து போகாமல் தரையோடு தங்குகிறது. புகைத் துகள்களைச் சுற்றி ஈரம் படியும்போது மூட்டம் இன்னும் அடர்த்தியாகிறது. பழைய பாயும் துணியும் எரிக்கும் வழக்கத்தோடு டயரும் நெகிழியும் சேர்ந்தபோது புகை பெருகியது. 2018 சனவரி 13 அன்று போகிக் காலையில் சென்னைக்கு வந்த விமானங்கள் பெங்களூரு, ஐதராபாத் முதலிய நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. வர வேண்டிய விமானம் வராததால் புறப்பாடுகளும் அடுத்தடுத்துத் தாமதமாயின. 2024 சனவரி 14 போகியன்றும் சேவைகள் பாதிக்கப்பட்டன. விமான நிலைய ஆணையம் சுற்றுவட்டார மக்களிடம் எரிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்வதும், நிறுவனங்கள் அன்றைய நேர அட்டவணையை மாற்றுவதும் வழக்கமாகிவிட்டன.

தொழிற்பகுதியும் புதிய நிலையமும்

திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் உருவாகும் மகிழுந்துகள் துறைமுகம் வழியே செல்கின்றன. கைப்பேசி, மின்னணுப் பொருட்கள் போன்ற எடை குறைந்த, விலை மிகுந்த சரக்குகளுக்கு வான்வழி ஏற்றது. இப்பகுதிக்கு அருகே பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என 2022இல் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர் மக்கள் விளைநிலங்களும் நீர்நிலைகளும் அழியும் எனக் கூறி அதனை எதிர்த்து வருகின்றனர். ஈரநிலங்களை ஒட்டிய பகுதிகளில் இரவுக் குளிர்ச்சியால் பனிமூட்டம் உருவாகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், காட்சித் தொலைவும் அத்திட்டத்தில் கணக்கில் கொள்ள வேண்டிய ஒன்று. இயற்கைப் பனியை விளக்குகளாலும் கருவிகளாலும் பயிற்சியாலும் ஓரளவு ஈடுகட்டலாம். போகிப் புகையைப் பொறுத்தவரை, எரிக்காமல் விடுவதே எல்லாவற்றினும் செலவு குறைந்த வழி.