எரிவாயு கீசர் திரையில் ‘இ1’: பிழைக் குறியீடுகள் உணர்த்துவது என்ன?

திருவனந்தபுரம்: வெந்நீர்க் குழாயைத் திறந்தும் தண்ணீர் சூடாகாமல், கீசரின் சிறிய திரையில் ‘இ1’ என ஆங்கில எழுத்தும் எண்ணும் மின்னுவது எரிவாயு கீசர் பொருத்திய வீடுகளில் பழக்கமான காட்சி. கருவி கெட்டுவிட்டது என்றே பலரும் முடிவு செய்கின்றனர். பாதுகாப்பற்ற நிலை ஏற்பட்டதால் கருவி தானாகவே எரிவாயுவை நிறுத்திக்கொண்டது என்பதே பெரும்பாலும் அந்தக் குறியீட்டின் பொருள். காரணத்தை அறியாமல் திரும்பத் திரும்ப இயக்க முயல்வதில்தான் ஆபத்து உள்ளது.

வீடுகளில் பயன்படும் எல்பிஜி கீசர்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 15558 என்ற தர வரையறையை வகுத்துள்ளது. இவற்றின் இயக்கம் எளிமையானது. குழாயைத் திறந்ததும் பாயும் நீரின் அழுத்தம் உள்ளேயுள்ள சுவிட்சை இயக்குகிறது. பேட்டரியின் ஆற்றலால் தீப்பொறி எழுகிறது. எரிவாயு வால்வு திறக்கிறது. சுடரினூடே பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு தீப்பற்றியதை உணரி உறுதி செய்கிறது. சில விநாடிகளுக்குள் அந்த உறுதி கிடைக்காவிட்டால் வால்வு மூடப்பட்டு, குறியீடு திரைக்கு வருகிறது.

பல மாடல்களில் ‘இ1’ என்பது தீப்பற்றவில்லை என்பதையே குறிக்கிறது. சிலிண்டர் காலியாகியிருக்கலாம், ரெகுலேட்டர் மூடியிருக்கலாம். புதிய சிலிண்டர் மாற்றியவுடன் குழாயில் காற்று தங்கியிருந்தாலும் இதே குறியீடு வரும். சிறிது இடைவெளி விட்டு இரண்டு முறை முயன்றால் அது சரியாகிவிடும். ‘டிக் டிக்’ என்ற தீப்பொறி ஒலி மெலிந்தோ தாமதித்தோ கேட்டால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கடற்காற்று வீசும் பகுதிகளில் பேட்டரி முனைகளில் துரு படிவதும் உண்டு. இவை அனைத்தும் வீட்டாரே பார்க்கக்கூடியவை. தீப்பற்றிச் சில விநாடிகளில் அணைந்தால் உணரியில் கரி படிந்திருக்கக் கூடும். அதைத் துடைக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

தீப்பொறியும் இல்லை, குறியீடும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் அழுத்தத்தை. பத்து மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். மாடி வீட்டுக் குளியலறைக்கு ஒன்றிரண்டு மீட்டர் மேலே மட்டும் தொட்டி இருந்தால், சுவிட்சை இயக்கும் அளவுக்கு அழுத்தம் கிடைக்காமல் போகலாம். கிணற்று நீரிலுள்ள இரும்புத் துகள்களும் மணலும் நுழைவாயில் வடிகட்டியை அடைத்தாலும் இதே நிலைதான்.

அளவுக்கு மீறிய வெப்பத்துக்கெனத் தனிக் குறியீடு உண்டு. திருவனந்தபுரத்தில் குளிர்காலம் என்பது பெயரளவில்தான். தொட்டி நீரே வெதுவெதுப்பாக இருக்கும். அங்கு கீசரின் குமிழைக் குளிர்கால நிலையில் வைத்து, குழாயையும் பாதியளவே திறந்தால் நீர் மிகையாகச் சூடாகி, பாதுகாப்பு அமைப்பு தீயை அணைத்துவிடும். குமிழைக் கோடைக்கால நிலைக்கு மாற்றி, நீரோட்டத்தைக் கூட்டினால் போதும். தொடர்ந்து இருபது நிமிடம் எரிந்ததும் தானே அணையும் வகையிலும் பல கீசர்கள் அமைக்கப்பட்டுள்ளன. அது பழுதல்ல.

குறியீடுகளுக்குப் பொதுவான அகராதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘இ2’ மற்றொரு நிறுவனத்தில் முற்றிலும் வேறொன்றைக் குறிக்கும். ஜப்பானின் ரின்னாய் நிறுவனம் தீப்பற்றாமையை ‘11’ என்கிறது. பிரிட்டனில் தமிழர் வீடுகளிலும் காணப்படும் வைலண்ட் பாய்லர்களில் அதே கோளாறு ‘எஃப் 28’. அங்கு ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இடம்பெற்ற பணியாளர் மட்டுமே பாய்லரின் எரிவாயுப் பகுதியில் கைவைக்கலாம். எனவே கருவியுடன் வந்த கையேட்டின் குறியீட்டுப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது உதவும்.

புகை வெளியேறும் பாதை அடைபட்டது, விசிறி இயங்கவில்லை, அறையில் ஆக்சிஜன் குறைந்தது ஆகியவற்றைக் குறிக்கும் குறியீடுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் புறக்கணிக்கக் கூடாது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. நிறமும் மணமும் அற்ற அந்த வாயு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் பிணைகிறது. தலைவலி, மயக்கம் என்று தொடங்குவதால் குளியலறையில் இருப்பவர் காரணத்தை உணர்வதற்குள் நினைவிழக்கிறார்.

கேரளம் இந்த ஆபத்தின் விலையை அறிந்த மாநிலம். 2020 ஜனவரியில் நேபாளத்துக்குச் சுற்றுலா சென்ற கேரளக் குழுவினரில் எட்டுப் பேர், டாமன் என்ற மலைப்பகுதி விடுதியின் ஒரே அறையில் எரிவாயு ஹீட்டரை எரியவிட்டு உறங்கினர். கதவும் சன்னல்களும் உட்புறமாகத் தாழிடப்பட்டிருந்தன. ஜனவரி 21 காலை மயங்கிய நிலையில் காணப்பட்ட அவர்கள் ஹெலிகாப்டரில் காத்மாண்டுவுக்குக் கொண்டுசெல்லப்பட்டும் உயிரிழந்தனர். ஐவர் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர். மூவர் கோழிக்கோட்டைச் சேர்ந்தவர்கள். எட்டுப் பேரில் நால்வர் குழந்தைகள். அது அறையைச் சூடாக்கும் கருவி, கீசர் அல்ல. ஆனால் மூடிய அறையில் எரியும் சுடர் எதற்கானது என்பதால் விளைவு மாறுவதில்லை.

ஆகவே கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய்வழி உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பானது. திரையோ ஆக்சிஜன் உணரியோ இல்லாத பழைய கீசர்கள் எந்தக் குறியீட்டையும் காட்டப் போவதில்லை. நீலச் சுடர் மஞ்சளாக மாறுவதும் சுற்றிலும் கரி படிவதும் மட்டுமே அவை தரும் அறிகுறிகள்.

திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை மாவட்டங்களில் குழாய்வழி இயற்கை எரிவாயு வினியோக உரிமம் ஏஜி அண்ட் பி பிரதம் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இணைப்பு மாறும் வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்பிஜிக்கென அமைந்த கீசரின் நாசில் துளை இயற்கை எரிவாயுவுக்குப் பொருந்தாது. அப்படியே இணைத்தால் சுடர் சீராக எரியாது. தீப்பற்றாமைக் குறியீடும் வரலாம். இயற்கை எரிவாயுவுக்கு ஏற்றதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டறியாமல் இணைக்கக் கூடாது.

எரிவாயு மணம் வீசினால் குறியீட்டைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, எந்த மின் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, எல்பிஜி கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழைக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் தரைமட்டத்தில் தேங்கும்; கதவைத் திறந்து வைப்பதும் அவசியம்.

மெக்கானிக்கை அழைக்கும்போது குறியீட்டுடன் மூன்று தகவல்களைச் சொன்னால் வேலை எளிதாகும்: தீப்பற்றும் முன்பே குறியீடு வந்ததா, எரிந்து எவ்வளவு நேரம் கழித்து வந்தது, சமையலறை அடுப்பு அப்போது சரியாக எரிந்ததா என்பவையே அவை.