கூடலில் திருந்திய பாடம்

நூலை அவையில் அரங்கேற்றிக் குற்றம் களைந்து ஏற்பது தமிழர் மரபு. ஆசிரியர் நடத்தும் பாடமோ நான்கு சுவர்களுக்குள் தோன்றி, அங்கேயே மறைந்துவிடுகிறது. அதனையும் அவைக்குக் கொணர்ந்த வரலாறு ஒன்றுண்டு.

1972ஆம் ஆண்டு, மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் என்னும் இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் செய்முறை வழியே கற்பிக்கத் தொடங்கின. அடுத்த ஆண்டே நம் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிலர் அப்பணியில் கைகோத்தனர். ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எச்சோதனை வகுப்பில் தவறியது, எவ்வினாவில் மாணவர் தடுமாறினர் என ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட குறைகளால் பாடநூலே திருந்தியது. அவர்கள் கூடிய பள்ளிக்குச் ‘சங்கம் கேந்திரம்’ என்று பெயர். இந்தியில் சங்கம் எனில் கூடல். நம் மதுரைக்கும் அதுவே பெயரன்றோ!

1978இல் திட்டம் மாவட்டமெங்கும் பரவியது. 1982 முதல் ஏகலவ்யா அமைப்பு அதனைப் பேணியது. 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

கோப்புகளோடு வாழும் நாம் அறிவோம்: ஆணையொன்றால் கூட்டத்தை நிறுத்தலாம், கூடிக் கற்கும் மனத்தை ஆணையால் ஆக்க இயலாது. தலைநகரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நாம், மதிப்பெண்ணை மட்டும் கேளாது, ‘ஆசிரியர்கள் கூடிப் பேச நேரம் உண்டா?’ என்றும் கேட்போமாக.