கூட்டப் பொருளைப் படிக்கத் தெரிந்த நிருபர்: சென்னையின் மேற்குப் புறநகர்களில் உள்ளாட்சியும் இதழியல் கல்வியும்

ஆவடி நகராட்சி 2019 ஜூனில் மாநகராட்சியானது. அப்போது ஆவடியில் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூடப் பதவியில் இல்லை. 2011 அக்டோபரில் தேர்வான மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கான அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நகர்ப்புற வாக்குப்பதிவு நடந்தேறியது 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட காலம் ஆவடியும், பூந்தமல்லியும், 2011இலேயே சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்ட அம்பத்தூரும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் இருந்தன. 2018 ஜூலையில் சொத்து வரியை உயர்த்தியதும், 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்ததும் இந்த இடைவெளியில் நடந்தவை. ஏற்றவும் மன்றம் இல்லை, இறக்கவும் மன்றம் இல்லை.

ஜனநாயகத்துக்கு மாறிவரும் சமூகம் என்றதும் இதழியல் ஆய்வாளர்கள் 1989க்குப் பிந்தைய கிழக்கு ஐரோப்பாவையும் 1994இன் தென்னாப்பிரிக்காவையும் எடுத்துக்கொள்வது வழக்கம். 1952 முதல் ஓட்டுப் போட்டுவரும் நம்மை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. சட்டமன்றத்தை வைத்து அளந்தால் அது நியாயமே. தெருக்குழாயையும் மழைநீர் வடிகாலையும் வைத்து அளந்தால் கணக்கு வேறு. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அடுத்த மன்றம் 1996இல் வந்தது. இருபத்துமூன்று ஆண்டுகள்! அதற்குள் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல் கட்டாயம் என்றது. அதையும் மீறித்தான் 2016க்குப் பிந்தைய வெற்றிடம் வந்து சேர்ந்தது. உள்ளாட்சியைப் பொறுத்தவரை நாம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் சமூகம்தான். நம் இதழியல் கல்வி அப்படி நினைத்துப் பாடம் வகுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆவடிக்கு இதில் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. பள்ளிப் பாடப்புத்தகம் வரைக்கும் வந்த செய்தி இது. அதே காலத்தில் புதிய குடியரசு தன் பத்திரிகைகளையும் சீர்படுத்திக்கொண்டிருந்தது. நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான முதல் பத்திரிகைக் கமிஷன் 1954இல் அறிக்கை தந்தது. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955இன் கடைசியில் வந்தது. பத்திரிகைத் தொழிலை முதன்மைத் தொழிலாகக் கொண்டவரே பத்திரிகையாளர் என்றது அச்சட்டம். நகர அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குப் பொருந்திய இந்த வரையறை, காலையில் பேப்பர் ஏஜென்ட், பகலில் ஜெராக்ஸ் கடை, மாலையில் நிருபர் என்று வாழும் புறநகர்க்காரருக்குப் பொருந்தவில்லை. ஆவடிச் செய்தியை ஊருக்குச் சொன்னவர்களில் பலர் சட்டத்தின் கண்ணில் பத்திரிகையாளரே இல்லை.

இதழியல் கல்விக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. அடையாற்றில் அன்னி பெசன்ட் 1920இல் வகுப்புத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டயப் படிப்பு 1947இல் வந்தது. பெங்களூரிலிருந்த ஆசிய இதழியல் கல்லூரி 2000இல் சென்னைக்கு மாறியது. ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் கல்லூரிப் பிள்ளைகளை வெயிலில் நடக்கவிட்டுப் பழக்கியது. இவற்றைவிட ஆழமான பாடநூல் என்று நான் கருதுவது தினத்தந்தி நிறுவனர் சி.பா. ஆதித்தனாரின் இதழாளர் கையேட்டைத்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும்படி எழுது என்ற ஒரே கட்டளையால், டீக்கடை பெஞ்சில் இருந்தவரை அரசியல் வாசகராக்கியது அது. பல்கலைக்கழகத்து ஆட்கள் அதைப் பல காலம் ஏளனமாகப் பார்த்ததும் உண்டு, அதை விடுங்கள். இந்த இரண்டு மரபிலும் நகராட்சிக் கோப்பு இல்லை என்பதுதான் என் குறை. ஒன்று மாணவரைத் தலையங்கத்துக்கும் கேமராவுக்கும் தயார்செய்தது. மற்றொன்று போலீஸ் ஸ்டேஷனுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் தயார்செய்தது.

வகுப்பில் நான் முதலில் கொடுக்கும் பயிற்சி ஒரு மன்றக் கூட்டத்தின் அஜெண்டா. பழுப்புத் தாளில் நாற்பது, ஐம்பது பொருள்கள். செய்தி எங்கே இருக்கிறது, கோடு போடுங்கள் என்பேன். பெயர் சூட்டும் பொருளிலும், எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யக்கூடிய பொருளிலும் உடனே கோடு விழும். வடிகால் வேலை ஒன்றுக்கு ஒரே ஒரு ஒப்பந்தப்புள்ளி வந்தது, அவசரம் கருதிப் பணி தொடங்கிவிட்டது, மன்றத்தின் பின்னேற்புக்கு வைக்கப்படுகிறது என்று மூன்று வரி கீழே கிடக்கும். அதை யாரும் தொடுவதில்லை. பின்னேற்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். வேலை முடிந்தபிறகு வாங்கும் அனுமதி என்று சொன்னதும் பின்பெஞ்சிலிருந்து சிரிப்பு வரும். இதழியல் அந்தச் சிரிப்பில் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

மன்றம் இருந்தால் இந்த மூன்று வரியை ஒரு கவுன்சிலராவது எழுந்து படிப்பார். சண்டைக்காகவே படித்தாலும் சரி. நிருபர் அந்தச் சண்டையை எழுதிக்கொண்டு போவார். தனி அலுவலர் காலத்தில் கோப்பை எழுப்பும் நிர்வாகமும் ஒப்புதல் தரும் மன்றமும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. சண்டை இல்லை, ஆகவே செய்தியும் இல்லை. கோப்பையே செய்தியாகப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் அந்தக் காலத்திலும் எழுத விஷயம் இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கேளாமலே வெளியிடவேண்டியவை என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகப் படியேறக் கற்றுத்தந்த பாடத்திட்டம் எத்தனை?

படிக்கத் தெரியாததன் விலைக்குச் செம்பரம்பாக்கம் சாட்சி. பூந்தமல்லியை அடுத்த இந்த ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி திறப்பு வினாடிக்கு 29,000 கன அடி வரை போனது. எண்கள் அச்சிலும் திரையிலும் வந்தன. படித்தவருக்கு அவை எண்களாகவே நின்றன. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். அப்படியானால் வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். வரத்தே இல்லாமல் அதே வேகத்தில் திறந்துவிட்டால் நிரம்பிய ஏரி முழுதும் சுமார் 35 மணி நேரத்தில் காலியாகிவிடும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல், வகுத்தல்தான் இது. முந்தைய நாள்களின் நீர்மட்டம், வரத்து, மழை முன்னறிவிப்பு மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, அடையாற்றங்கரையில் யார் மூட்டை கட்டவேண்டும் என்று சொல்லும் செய்தி பொதுப்பணித்துறைத் தாளை வாசிக்கப் பழகியவரிடமிருந்தே வரும். நீர் திறந்த விதத்தைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கடிந்தது. அது சட்டமன்றத்துக்கு வந்தபோது 2018 ஜூலை ஆகியிருந்தது. பத்திரிகைகளும் அன்று வெள்ளத்துக்குத் தப்பவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச்சேர முடியாமல் டிசம்பர் 2ஆம் தேதி தி இந்து சென்னையில் அச்சாகவில்லை.

பயிற்சி கொடுத்தால் ஆயிற்றா, வயிறு என்று ஒன்று இல்லையா என்று அனுபவஸ்தர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பகுதிநேர நிருபரில் பலருக்குச் செய்திக் கூலியைவிட விளம்பரக் கமிஷன் பெரிது. பொங்கல் மலருக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் விளம்பரம் தருகிறவர் யார்? கவுன்சிலரும் ஒப்பந்தக்காரரும்தான். பின்னேற்பை எழுதினால் அடுத்த பொங்கலுக்கு அந்த அரைப்பக்கம் போய்விடும். போதாக்குறைக்கு எல்லைச் சிக்கல் வேறு. அம்பத்தூர் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். வாய்க்கால் மூன்றையும் தாண்டி ஓடும், செய்தி பக்கம் தாண்டாது. மயிலாப்பூருக்கு 1994இலேயே சொந்த வாரப் பத்திரிகை வாய்த்தது. கடை விளம்பரமே அதற்குச் சோறு போட்டது. ஒர்க்‌ஷாப்புகள் நிறைந்த அம்பத்தூரில் அந்தக் கணக்கு அதே மாதிரி வேலை செய்யாது.

கல்வியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 1998இல் ஊடக சுதந்திரத்துக்கான கொழும்புப் பிரகடனம், 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் ரத்து, 2004இல் இதழியல் கல்லூரி என்று அங்கே வரிசையாக நல்லது நடந்தது. 2006 மே 2ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தார்கள். வகுப்பறை துப்பாக்கியைத் தடுக்காது. நம் புறநகரில் துப்பாக்கி இல்லை. பயமுறுத்தல் வேறு வடிவில் வரும், வக்கீல் நோட்டீஸ் என்பார்கள். அதற்கு நம் கையிலேயே மருந்து உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தொடர் பற்றிய நக்கீரன் இதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது: அரசோ உள்ளாட்சி அமைப்போ தன்னை அவதூறு செய்ததாக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. தனி ஆள் வழக்குப் போடும் வாசல் மட்டும் திறந்தே இருக்கிறது. சென்னையிலிருந்து போன வழக்கு இது. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. பூந்தமல்லி நிருபருக்கு அதுவே கேடயம். வேலை பார்க்கும் நிருபரும் வகுப்பில் வந்து உட்காரவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்: சம்பளத்தை வகுப்பறை கூட்டித்தராது, எந்த மிரட்டல் வெற்று மிரட்டல் என்று பிரித்துக்காட்ட அதனால் முடியும்.

2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. கிராமசபை போன்ற ஒரு மேடை நகரத்துத் தெருவுக்கும் கிடைத்தது. முதலமைச்சர் போன இடத்துக்குக் கேமராக்கள் போயின. இப்போது என் இரண்டாவது பயிற்சி இதுதான்: மாணவர் தம் பகுதி சபைக்குப் போய் மக்கள் கேட்டதை எழுதிவரவேண்டும், அடுத்த மன்ற அஜெண்டாவை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும். போன பருவத்தில் ஒரு மாணவி இரு தாளையும் மேசையில் விரித்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினாள். தலை நிமிராமலே கேட்டாள்: “எங்க தெரு வடிகால் எந்தப் பொருள் எண்ணில வருது, சார்?”